ஹிட்லர் காலத்தில் ஆட்டத்துக்கும் தடையா?

ஈரோட்டான்: இங்கே வள்ளி கும்மி விடிய விடிய நடந்தாலும் யாரும் கேட்பதில்லை. ஜெர்மனியில் ஆடியதற்காகவே பிள்ளைகளை வதை முகாமில் போட்டார்களாமே, நிஜமாங்க?

பொள்ளாச்சி வாசி: நிஜம்தானுங்க. ஹாம்பர்க்கில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் முடியை நீளமாக வளர்த்து, இங்கிலீஷ் கோட்டும் குடையுமாகத் திரிந்து, கருப்பினத்தவரும் யூதர்களும் வாசித்த ஸ்விங் என்ற ஜாஸ் வகை இசைத்தட்டுகளைப் போட்டு ஆடினார்கள், அதுதான் நாஜிகளுக்கு எரிச்சல். "ஸ்விங் ஹைல்" என்று, "ஹைல் ஹிட்லர்" என்ற நாஜி வணக்கத்தையே கிண்டல் செய்தது வேறு! 1941 ஆகஸ்டில் 300 பேருக்கு மேல் கைது. 1942 ஜனவரியில், முன்னின்றவர்களை முகாமுக்கு அனுப்பச் சொல்லி, எஸ்.எஸ். படைக்கும் போலீசுக்கும் தலைவரான ஹிம்லரே கடிதம் எழுதினார்.

கோபிக்காரர்: அதுக்காகப் புரட்சிக்காரர்கள் ஆக்கிவிடாதீங்க. பலருக்கு அரசியலே கிடையாது, ஆட விட்டால் போதும்.

ஈரோட்டான்: அப்புறம் எதுக்கு முகாம்?

கோபிக்காரர்: ஹிட்லர் இளைஞர் அணியில் சேர்வது கட்டாயம். இவர்கள் அணிவகுப்பை விட்டுவிட்டு ஆடப் போனால் சும்மா விடுவானா?