பல்கலைக்கழக நூலகத்தில் செயற்கை நுண்ணறிவு: வாங்கலாமா, பொறுத்திருக்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் நூலகப் பணியாளர்

வணக்கம். நான் பணிபுரியும் தனியார் பல்கலைக்கழக நூலகத்திற்கு, மாணவர்களின் ஐயங்களுக்கு இரவிலும் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றை வாங்க நிர்வாகம் எண்ணுகிறது. சோதனையின்போது, தோட்டத் தொழிலாளர் வரலாறு பற்றிக் கேட்ட மாணவிக்கு அது ஐந்து நூல்களைக் காட்டியது. ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் எல்லாம் ஒழுங்காக இருந்தும், அவற்றுள் இரண்டு நூல்கள் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. உங்கள் கருத்து என்ன?

மறுமொழி: ஓய்வுபெற்ற நூற்பட்டியலாளர், ஈப்போ

தம்பி, 2022இல் சாட்ஜிபிடி வந்த நாள் முதலே இந்தக் குறை உண்டு. தேடல் வசதி இணைக்காவிட்டால், இவ்வகைச் செயலி நூலைத் தேடுவதில்லை. பொருத்தமாகத் தோன்றும் சொற்களை அடுக்குகிறது. உங்கள் நூற்பட்டியலில் இருந்து எடுத்த பதிவுகளை மட்டும் வைத்துப் பதில் சொல்லுமாறு அமைத்தால் பிழை குறையும், அடியோடு நீங்காது.

ஆனால் பட்டியலே சரியாக இருக்கிறதா? தமிழ் நூல்களின் தலைப்புகளைப் புள்ளியும் கோடும் இட்ட ரோமன் எழுத்தில் பதிந்துவிட்டு, தமிழ் போன்ற மூல எழுத்து வடிவத்திற்கென மார்க் பதிவில் (நூல் விவரங்களைக் கணினியில் பதியும் பொது வடிவம்) உள்ள 880ஆம் புலத்தை வெறுமையாக விடுவது நம் தொழிலின் பழைய சோம்பல் (நானும் செய்திருக்கிறேன்). மாணவர் 'தோட்டம்' என்று தமிழில் தட்டினால் அப்பதிவு அகப்படாது.

மறுமொழி: ஆய்வு மாணவி, தாப்பா

ஐயா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். மலேசியாவில் 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் போன்ற ஏடுகளைப் படமாக்கி எழுத்துணரியிடம் (படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) கொடுத்தால், தமிழ்நாட்டின் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய ணை, லை, றா முதலிய எழுத்துகளின் பழைய வடிவங்களில் அது தடுமாறுகிறது. போதாக்குறைக்கு நம் சொற்கள்: பால்மரம் என்றால் ரப்பர் மரம், கிராணி என்றால் தோட்ட எழுத்தர் என்று அந்தச் செயலிக்கு யார் சொல்வது? இச்சொற்களுக்கு இணைச்சொல் பட்டியல் ஒன்றை நூலகமே தயாரித்துத் தந்தாக வேண்டும்.

மறுமொழி: பகுதிநேர மாணவர், சுங்கை சிப்புட்

செம்பனை (பாமாயில்) ஆலையில் இரவு வேலை முடித்து வருபவனுக்கு முகப்பு மேசை திறந்திருக்காது. இரவல் நீட்டிப்பு, திறப்பு நேரம் போன்றவற்றை மட்டும் அந்தச் செயலியிடம் விடுங்கள். நூற்பரிந்துரையை நூலகரே பார்க்கட்டும்.

மறுமொழி: கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. முதலில் எங்கள் தமிழ்ப் பதிவுகளில் எத்தனையில் 880 புலம் காலியாக உள்ளது என்று எண்ணப் போகிறேன். ஐயா, அதை ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டுமா?

மறுமொழி: ஓய்வுபெற்ற நூற்பட்டியலாளர், ஈப்போ

வேண்டாம், தம்பி. பதிவுகளை மொத்தமாக ஏற்றுமதி செய்து, மொழிக்குறியீடு தமிழாக இருந்தும் 880 இல்லாதவற்றை வடிகட்டுங்கள்.