பிரித்து வைத்த குப்பை ஒரே லொறியில் போகிறது, என்ன செய்யலாம்?

கடற்கரைப்பக்கம்:
வெள்ளவத்தையில் 18 வீடுகள் உள்ள தொடர்மாடியில் இருக்கிறோம். வீடு வீடாகப் போய்க் கெஞ்சி, உக்கும் குப்பையைத் தனியாகவும் பிளாஸ்டிக், கடதாசியைத் தனியாகவும் கட்ட வைத்தேன். போன செவ்வாய் கீழே நின்று பார்த்தால் இரண்டு பைகளையும் ஒரே லொறிக்குள் எறிகிறார்கள். "இதுக்குத்தானா மகன் இவ்வளவு பாடு?" என்று இரண்டாம் மாடி அன்ரி கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. இனி எப்படி ஆட்களைப் பிரிக்கச் சொல்வது?

கொட்டாஞ்சேனை மகள்:
எங்கள் ஒழுங்கையிலும் இதே கதைதான் அண்ணா. காய்ந்ததை லொறிக்குக் கொடுப்பதையே விட்டுவிட்டோம். போத்தல், பேப்பர் வாங்குகிற ஐயா மாதக் கடைசிச் சனிக்கிழமை வருவார், அதுவரை படிக்கட்டுக்குக் கீழே சாக்கில் கிடக்கும். கழுவிக் காய வைத்தால்தான் எடுப்பார், கறி பட்ட பேப்பரைத் தொடவே மாட்டார். பிஸ்கட் உறை மட்டும் யாருக்கும் வேண்டாம், பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டியிருப்பதால் பிரிக்க முடியாதாம்.

கொலன்னாவைக்காரன்:
நான் கொழும்புக் குப்பையை மலையாகக் கொட்டி வந்த மீதொட்டமுல்லைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளிலேயே அந்தக் குப்பை மலை வீடுகள் மேல் சரிந்து 30 பேருக்கு மேல் செத்தார்கள். நகரத்துக் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவுதான், அது குவியலுக்குள் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேனும் கறுப்புத் தண்ணீரும்தான் வரும். இப்போது கெரவலப்பிட்டியில் எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள், சரி, ஆனால் ஈரக் குப்பை அங்கேயும் ஒழுங்காக எரியாது. அதனால் லொறி என்ன செய்தாலும் ஈரத்தை வீட்டிலேயே நிறுத்தப் பாருங்கள்.

மொட்டைமாடித் தோட்டம்:
அதற்கு ஒரு பழைய பெயின்ட் வாளி போதும். அடியிலும் பக்கத்திலும் துளை போட்டு, ஒரு பிடி மரக்கறித் தோலுக்கு இரண்டு பிடி தும்புத்தூள் அல்லது காய்ந்த இலை என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். மீன் செதிலும் எலும்பும் வேண்டாம், எலி வரும். நாறினால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம், தூளைக் கொட்டிக் கிளறினால் சரியாகிவிடும். இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பு மண்ணாக எடுக்கலாம், என் கறிவேப்பிலைக்கு அதுதான் பசளை.

கடற்கரைப்பக்கம்:
நன்றி எல்லோருக்கும். மொட்டைமாடிச் சாவி அன்ரியிடம்தான் இருக்கிறது, முதல் வாளியை அவர் கையாலேயே தொடங்கப் போகிறோம். தங்கச்சி, அந்தப் பேப்பர் ஐயா வெள்ளவத்தைப் பக்கமும் வருவாரா என்று கேட்டுச் சொல்லுங்கோ.