பழைய பாரைக் கலைக்காமல் அடுத்த மக்காச்சோளம் போடலாமா?

தாம்பரவாசி:
குடியிருப்பது தாம்பரம், நிலம் மதுராந்தகம் பக்கம். கிணற்றுத் தண்ணீர், பார் (விதை ஊன்றும் மேடு), சால் (தண்ணீர் ஓடும் பள்ளம்) போட்டு மக்காச்சோளம். ஒவ்வொரு போகத்துக்கும் கொக்கிக் கலப்பை இரண்டு ஓட்டு, ரொட்டவேட்டர் ஒரு ஓட்டு, அப்புறம் புதிதாகப் பார் கட்டுவது என்று டிராக்டர் வாடகைக்கே காசு கரைகிறது. பழைய பார் மேலேயே விதை ஊன்றினால் என்ன? அப்பா "கோடை உழவு கோடி நன்மை" என்று சொல்லி எழுந்து போய்விடுகிறார். எனக்கு வேறு பயம், சாலில் தட்டை (அறுவடைக்குப் பின் நிற்கும் தண்டு) கிடந்தால் தண்ணீர் கடைமடை வரை போகுமா?

கரிசல்காட்டான்:
போகாது சார். சருகும் தட்டையும் அங்கங்கே அணை கட்டிவிடும், தலைமடையே தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும், சில இடத்தில் பாரை உடைத்துக்கொண்டு பக்கத்துச் சாலில் இறங்கும். தட்டையைப் பொடியாக்கிப் பார் மேல் ஒதுக்கிவிட்டு, விதைக்குமுன் சாலில் மட்டும் ஒரு முறை கலப்பை விட்டுத் திறந்துவிடுங்கள். மெக்சிகோவின் யாக்கி பள்ளத்தாக்கில் கோதுமையைக்கூடப் பார் மேல்தான் போடுகிறார்கள், அங்கே சிம்மிட் என்கிற பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி நிலையம் நிரந்தரப் பாரில் செய்ததும் இதுதான்: பாரைத் தொடுவதில்லை, சால்களை மட்டும் திருத்துவார்கள். டிராக்டர் சக்கரமும் சாலிலேயே ஓடணும். 60 செ.மீ. பார் என்றால் சக்கர இடைவெளி 120 செ.மீ. இருக்கட்டும். ஏறி மிதித்தால் பார் இறுகிப்போய் வேர் இறங்காது.

தாம்பரவாசி:
சரி, களைக்கு? கிளைபோசேட் களைக்கொல்லி அடித்துவிட்டு விதைக்கலாமா?

வயல்வெளி:
அதை நாமே அடிக்க முடியாது. 2022 அக்டோபரில் வந்த மத்திய அரசு உத்தரவுப்படி பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் மூலமாக மட்டும்தான். விதைத்த மூன்று நாளுக்குள் ஈரத்தில் அட்ரசின் என்கிற களைக்கொல்லி அடிக்கலாம், ஆனால் ஊடுபயிராக உளுந்து இருந்தால் அட்ரசின் பக்கமே போகாதீர்கள். கோரையும் அருகும் மண்டிய வயலில் இந்த முறையைத் தொடங்கவே வேண்டாம், இரண்டும் உங்களை ஜெயித்துவிடும்.

அப்பா சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழு மண்ணுக்குள்தான் கூட்டுப்புழுவாகிறது, கோடையில் உழுதால் அது வெளியே வந்து வெயிலுக்கும் கொக்குக்கும் இரையாகும். போன போகத்தில் புழு அதிகம் என்றால் உழுதுவிட்டுப் புதுப் பார் கட்டுவதே மேல். இடையில் நிலக்கடலை போடுகிறவரா? பிடுங்கும்போதே பார் கலைந்துவிடும், அப்புறம் நிரந்தரப் பார் எங்கே?

தாம்பரவாசி:
கடலை இல்லை, புழு கொஞ்சம் இருந்தது. தட்டையில் பாதி மாட்டுக்கே போய்விடும்.

கரிசல்காட்டான்:
அப்போ மிச்சத்தைச் சமாளிப்பது சுலபம். கால் பங்கு நிலத்தில் மட்டும் ஆரம்பியுங்கள். மற்றதிலும் அந்த ரொட்டவேட்டரையாவது நிறுத்துங்கள், மண்ணை மாவாக்கித்தான் மழை பெய்ததும் மேலே ஏடு கட்ட வைக்கிறது.