பழைய வாடிக்கையாளருக்கு மட்டும் தனி ரேட்: உங்களுக்கு யாராவது தந்தார்களா?

ஹாரோக்காரி

அப்பா இந்த லண்டன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, அதாவது 22 வருடமாக, கரண்டுக்கும் காஸுக்கும் ஒரே கம்பனி. மாற்றுவோமா என்று யார் கேட்டாலும் "அவங்கள் ஒருநாளும் எனக்குக் கரைச்சல் தந்ததில்லை, நான் ஏன் விடவேணும்" என்பார். பில் எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் வருடவாரியாக ரப்பர் பேண்ட் போட்டுக் கிடக்கும். போன ஒக்டோபரில் ஹீட்டிங் போடத் தொடங்கிய கிழமை அந்த டின்னைத் திறந்து பார்த்தேன். அத்தனை வருடமும் வேரியபிள் ரேட், அதாவது ஏறி இறங்குகிற விலை. குறித்த காலத்துக்கு விலை மாறாத ஃபிக்ஸ்ட் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. கேட்டால், "பிரைஸ் கேப் இருக்குத்தானே, அதுக்கு மேல எடுக்க ஏலாது" என்கிறார். 2019 ஜனவரியில் வந்த அந்தக் கேப்பைப் பற்றி எங்கள் ஆட்கள் பலருக்கும் இதே எண்ணம்தான். அது யூனிட் விலைக்கும், பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் நாளுக்கு இவ்வளவு என்று எடுக்கிற ஸ்டாண்டிங் சார்ஜுக்கும் போட்ட உச்சம், அவ்வளவுதான், அதற்குக் கீழே ஒரு விலை இருக்காது என்று யாரும் சொல்லவில்லை.

சரி என்று போன் எடுத்தேன். கணக்கு அப்பாவின் பெயரில் என்பதால் அவரே பெயர், பிறந்த திகதி, போஸ்ட்கோட் எல்லாம் சொல்லி, மகள் பேசலாம் என்று அனுமதி கொடுக்கவேண்டும். ஸ்பீக்கரில் வைத்தேன், விசா இன்டர்வியூவுக்குப் போனவர்போல நிமிர்ந்து இருந்து சொன்னார். முதலில் பேசிய பிள்ளை "உங்கள் வீட்டுக்கு இப்போது இருக்கிற பிளானே சரி" என்றாள். நான் வேறு கம்பனி ஒன்றின் விலையைத் திரையில் வைத்துக்கொண்டு, அப்படியென்றால் நாங்கள் அங்கே மாறுகிறோம், எத்தனை நாள் எடுக்கும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பாட்டு. திரும்பி வந்தது வேறு குரல், வேறு பணிவு. இத்தனை வருடமாக எங்களோடு இருக்கிறீர்கள், உங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் ஒரு 12 மாத ஃபிக்ஸ்ட் இருக்கிறது, வெளியில் விளம்பரம் செய்வதில்லை என்றார். கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு 140 பவுண் அளவில் குறைகிறது. இடையில் விட்டால் காஸுக்கு 50, கரண்டுக்கு 50 கட்டவேண்டும்.

எடுத்தோம், விடுவதா பின்னே. ஆனால் போனை வைத்த பிறகுதான் எனக்குச் சூடு ஏறியது. நான் அழைத்த முதல் நிமிடத்திலும் அந்த டீல் அங்கேதானே இருந்தது? அதற்கு முந்தின வருடமும் ஏதோ ஒன்று இருந்திருக்கும்தானே? அப்பாவுக்கோ தலைகால் தெரியவில்லை. "பார்த்தியா, 22 வருஷத்துக்கு அவங்கள் தந்த மரியாதை" என்று கோயிலில் நாலு பேருக்குச் சொல்லிவிட்டார். நான் அவருடைய சந்தோஷத்தைக் கெடுக்கவில்லை.

உங்கள் வீடுகளில் என்ன நடந்தது? யாருக்காவது கேட்காமலே தந்தார்களா?

இரண்டு பிள்ளையின் அம்மா

எனக்குக் கேட்காமலே வந்தது. போனில் கம்பனியின் அப்பைத் திறந்தால் மேலே பச்சைப் பெட்டிக்குள் "உங்களுக்கு மட்டும்". சந்தோஷத்தில் உடனே அழுத்தப் போனேன், நல்ல காலம் சின்னவன் அழுதான், எழும்பிப் போய்விட்டேன். இரவு ஆறுதலாக இருந்து ஒப்பிட்டுப் பார்த்தால் வேறொரு கம்பனி எல்லோருக்கும் போட்டிருந்த சாதாரண ஃபிக்ஸ்ட் அதைவிட 60 பவுண் குறைவு. "மட்டும்" என்ற சொல்லுக்கு இருக்கிற வசியத்தைப் பாருங்கள், அதைப் பார்த்தவுடன் கடை ஏறி விலை கேட்கிற புத்தியே போய்விடுகிறது.

ஹெட்செட் போட்டவன்

ஹாரோ அக்கா, நீங்கள் சொன்ன அந்த "வேறு குரல்" வேலையை நான் இரண்டு வருடம் பார்த்தேன். எந்தக் கம்பனி என்று கேட்காதீர்கள். முதலில் எடுத்த பிள்ளையைத் திட்டவேண்டாம், அவளுடைய திரையில் அந்த விலை வராது. வாடிக்கையாளர் போகப் போகிறார் என்று ஒரு பொத்தானை அழுத்தி எங்களுக்கு மாற்றினால்தான் எங்கள் பக்கத்தில் திறக்கும். குறைந்தபட்சம் நான் இருந்த இடத்தில் அப்படித்தான். அதனால் "எனக்குக் குறைத்துத் தருவீங்களா" என்று கெஞ்சிக் கேட்டவருக்கு ஒன்றும் கிடைக்காது, "நான் போறேன்" என்று ஒரு வரி சொன்னவருக்குக் கிடைக்கும். இரண்டு பேரும் ஒரே தெருவில் இருப்பார்கள்.

ஏன் பழைய ஆட்களுக்குத் தனியாகத் தருகிறார்கள் என்றால் அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஒப்பீட்டுத் தளம் வழியாகப் புதிதாக ஒருவர் வந்தால் அந்தத் தளத்துக்குக் கமிஷன் கட்டவேண்டும். ஏற்கெனவே இருப்பவருக்கு அந்தச் செலவு இல்லை. அதோடு கம்பனிகள் குளிர்காலத்துக்கான காஸையும் கரண்டையும் பல மாதம் முன்பே வாங்கி வைக்கின்றன. சந்தை விலை திடீரென விழுந்து, ஆட்கள் கூட்டமாக வேறு இடத்துக்கு ஓடினால், கூடிய விலைக்கு வாங்கியதை நட்டத்துக்கு விற்கவேண்டும். 2021இல் நடந்தது இதன் மறுபக்கம். போதிய அளவு முன்கூட்டி வாங்கி வைக்காத சின்னக் கம்பனிகள் மொத்த விலை ஏறியதும் வரிசையாக விழுந்தன, முப்பதுக்குக் கிட்ட. பல்ப் என்ற கம்பனிக்கு மட்டும் பதினைந்து இலட்சத்துக்கு மேல் வாடிக்கையாளர்கள், அதை நவம்பரில் அரசாங்கப் பணத்தோடு நடத்துகிற சிறப்பு நிர்வாகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆட்கள் கூட்டமாக ஓடினால் இன்னும் கம்பனிகள் விழும் என்ற பயத்தில்தான் எரிசக்திக் கட்டுப்பாட்டாளரான ஆஃப்ஜெம் 2022 ஏப்ரலில், புதிதாக வருபவருக்கு மட்டும் மலிவு டீல் தரக்கூடாது, தருவதென்றால் பழையவருக்கும் அதையே திற என்று தடை போட்டது.

இப்போது கவனியுங்கள். அந்தத் தடை வந்தது புதியவர் பக்கத்துக்குத்தான். பழைய வாடிக்கையாளருக்கு மட்டும் ஃபிக்ஸ்ட் டீல் கொடுப்பதற்குப் பிறகு விலக்குக் கொடுத்தார்கள். அதனால்தான் உங்கள் அப்பாவின் டீல் சட்டப்படி சரி. நான் அந்த நாற்காலியில் இருந்தபோது வெட்கப்பட்ட விஷயம் விலை இல்லை, அதை ஒளித்து வைத்ததுதான். ஒரு நாள் ஒரு வயதான அம்மா, வெள்ளைக்காரர்தான், கணவரின் பெயரைக் கணக்கிலிருந்து எடுக்க அழைத்தார். தவறி என்னிடம் வந்துவிட்டார். வேரியபிளில் 17 வருடம். என் திரையில் அவருக்கான விலை திறந்தே கிடக்கிறது. சொன்னேன், எடுத்தார், நன்றி தம்பி என்ற மாதிரி என்னவோ சொன்னார். அடுத்த வாரம் மனேஜர் கேட்கிறார், அந்த அழைப்பில் போகும் எண்ணமே இல்லையே, ஏன் கொடுத்தாய் என்று.

மிட்சம் கடைக்காரர்

டீல், ஃபிக்ஸ்ட் என்று பேசுகிறீர்கள். என் கடைக்கு வந்து ஒரு பின்னேரம் நில்லுங்கள். பேபாயின்ட் மெஷினுக்கு முன்னால், முன்கூட்டியே காசு ஏற்றுகிற மீற்றரின் கீயோடும் கார்டோடும் வருகிறவர்கள்தான் இந்த நாட்டிலேயே ஆக விசுவாசமான வாடிக்கையாளர்கள், ஏனென்றால் அநேகமானவர்களுக்கு வேறு வழியே கிடையாது. வாடகை வீடு, ஏற்கெனவே மாட்டின மீற்றர், பழைய கடன். அவர்களுக்கு யாரும் "உங்களுக்கு மட்டும்" என்று ஒன்றும் அனுப்பி நான் பார்த்ததில்லை.

முதல் குளிர் விழும் கிழமை ஒவ்வொரு வருடமும் இதுதான். கோடையில் ஹீட்டிங் போடவில்லை, அதனால் காஸ் கார்டுக்கும் காசு போடவில்லை. ஆனால் ஸ்டாண்டிங் சார்ஜ் தூங்காது, நாளுக்கு நாள் மீற்றரில் கடனாக ஏறிக்கொண்டே இருக்கும். போன நவம்பரில் ஒரு தங்கச்சி, ஸ்ட்ரோலரில் குழந்தை, பத்துப் பவுண் போட்டுவிட்டுப் போனாள். அரை மணியில் திரும்பி வந்து "அண்ணா, மெஷின் பிழையா, வீடு சூடாகவில்லை" என்கிறாள். பிழை இல்லை, பத்தும் பழைய சார்ஜுக்குப் போய்விட்டது. இன்னும் ஐந்து நான் போட்டுவிட்டேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, அவள் அடுத்த நாளே கொண்டுவந்து தந்துவிட்டாள்.

என் கடை பில்லைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கடைக்குப் பிரைஸ் கேப்பே இல்லை. நாலு ஃப்ரிட்ஜ் 24 மணி நேரமும் ஓடுது. புரோக்கர் என்று நாளுக்கு மூன்று பேர் போன் அடிக்கிறார்கள், எல்லோரிடமும் எனக்கென்றே ஒரு ஸ்பெஷல் ரேட் இருக்கிறதாம்.

ரெடிங் ஐடி ஆசாமி

நம்ம தமிழ்நாட்டுல ஈபி, அதான் மின்வாரியம், ஒன்றுதான். ரீடிங் எடுக்க வர்றவர் வெள்ளை அட்டையில் எழுதிட்டுப் போவார், வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், மீதிக்கு ஸ்லாப் கணக்கு. புதுசா வந்தவன், பழசா இருக்கிறவன் என்ற பேச்சே கிடையாது. இங்கே வந்து முதல் வருடம் எனக்கு இந்த "சப்ளையர் மாத்துறது" என்பதே புரியவில்லை, அதே கம்பி, அதே சாக்கெட், பில் அனுப்புகிறவன் பெயர் மட்டும் வேற, இதுல என்ன மாத்துறது?

என் கதை இது. ஃபிக்ஸ்ட் முடிகிற அறிவிப்பு ஸ்பேம் ஃபோல்டருக்குப் போய்விட்டது. தானாகவே வேரியபிளில் விழுந்து, மூன்று மாதம் கழித்து மனைவி டைரக்ட் டெபிட்டைப் பார்த்து "என்னங்க இது" என்றாள். கோபத்தில் அன்றைக்கே வேறு கம்பனிக்கு எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது நாள் பழைய கம்பனியிலிருந்து அழைப்பு, திரும்பி வாங்க சார், உங்களுக்காக ஒரு ரேட் வைத்திருக்கிறோம். மூன்று மாதம் எங்கே வைத்திருந்தீங்க என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. போகவில்லை. இத்தனைக்கும் அந்த ரேட் கொஞ்சம் மலிவுதான், ரோஷம் விடவில்லை, வருடத்துக்கு 25 பவுண்ட் ரோஷம்.

ஈஸ்ட்ஹாம் தம்பி

எல்லோரும் ஏன் இவ்வளவு கோபப்படுகிறீர்கள் என்று விளங்கவில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். புடவைக் கடையில் பேரம் பேசுகிறோம், மீன் கடையில் பேசுகிறோம், இங்கே பேச என்ன வெட்கம்? நான் ஒவ்வொரு வருடமும் போன் எடுப்பேன், ஒவ்வொரு வருடமும் குறைப்பார்கள். பழைய ஆளுக்குத் தனி விலை கூடாது என்று சட்டம் போட்டால், எனக்குக் கிடைக்கிறதும் போய், எல்லோருக்கும் ஒரே கூடின விலைதான் வரும்.

ஹாரோக்காரி

தம்பி, கூடாது என்று நான் சொல்லவில்லையே. 22 வருடம் இருந்தவருக்கு ஏதாவது குறைத்துக் கொடுக்கட்டும், நல்லது. ஆனால் பேரம் பேசுவதற்கு அங்கே பேரம் நடக்கிறது என்று முதலில் தெரியவேண்டும். மீன் கடையில் அது எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கு இது அரசாங்க விஷயம் மாதிரி, வந்த பில்லைக் கட்டவேண்டும், அவ்வளவுதான். இப்படிப்பட்டவர்கள் சின்னத் தொகை இல்லை. 2016இல் போட்டி ஆணையம் விசாரித்து முடித்தபோது, பெரிய ஆறு கம்பனிகளின் வாடிக்கையாளரில் கிட்டத்தட்ட 70 வீதமானவர்கள் இதே சாதாரண வேரியபிளில்தான் இருந்தார்கள். வீடுகள் எல்லாம் சேர்ந்து சராசரியாக வருடத்துக்கு 1.4 பில்லியன் பவுண் கூடுதலாகக் கட்டியதாகவும் சொன்னது. அதிலிருந்துதான் பிரைஸ் கேப்பே வந்தது.

கார், வீட்டு இன்ஷூரன்ஸில் 2022 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து, புதுப்பிக்கிறவரிடம் புதியவரைவிடக் கூட்டி எடுக்கக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன் நான் ஒவ்வொரு வருடமும் கார் இன்ஷூரன்ஸுக்கு ஒரு சனிக்கிழமையைத் தொலைத்தவள். கரண்டுக்கும் ஒரு சின்ன விஷயம் செய்தால் போதும். எங்கள் கணக்குக்குக் கிடைக்கக்கூடிய விலை எல்லாம், ஒளித்து வைத்ததும் சேர்த்து, பில்லின் முதல் பக்கத்தில் இருக்கவேண்டும். போகிறேன் என்று மிரட்டினால்தான் தெரியும் என்றால் அதற்கு விசுவாசப் பரிசு என்று பெயர் வைக்காதீர்கள்.

ஹெட்செட் தம்பி, அந்த அம்மாவுக்குக் கொடுத்ததற்கு உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

ஹெட்செட் போட்டவன்

ஒரு எச்சரிக்கைக் கடிதம். பிறகு நானே விட்டுவிட்டேன், இப்போது பஸ் ஓட்டுகிறேன். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன் அக்கா, ஃபிக்ஸ்ட் முடிய 49 நாள் இருக்கும்போதே வேறு இடத்துக்குப் போகலாம், அந்த 50ம் 50ம் கட்டத் தேவையில்லை. அந்தத் திகதியை இப்போதே குறித்து வையுங்கள்.

ஹாரோக்காரி

குறித்தாயிற்று. குசினியில் தொங்குகிற தமிழ்க்கடைக் கலண்டரில், ஓகஸ்ட் கடைசியில், அப்பாவே சிவப்புப் பேனையால் வட்டம் போட்டார். இந்த முறை நீ பேசவேண்டாம், நான் பேசுறன் என்கிறார். நேற்று இரவு ரீ குடித்துக்கொண்டே "ஐ ஆம் திங்கிங் ஆஃப் லீவிங்" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அம்மா உள்ளே இருந்து, எங்கே போகப் போறீங்கள் என்று கேட்டார்.