9 எம்எம் கார்பைன்: போட்டிக்கு 16 அங்குல பேரலா, 8 அங்குலமா?

ஆஸ்டின்வாசி:
வணக்கம். டெக்சாஸில் இருக்கிறேன். யுஎஸ்பிஎஸ்ஏ (ஓடி நகர்ந்து சுடும் போட்டிகளை நடத்தும் அமெரிக்க அமைப்பு) உள்ளூர்ப் போட்டிகளில், பிசிசி (கைத்துப்பாக்கித் தோட்டா சுடும் கார்பைன்) பிரிவில் சுடுகிறேன். துப்பாக்கி ஏஆர் வகை, 9 எம்எம், சாதாரண புளோபேக். 16 அங்குல பேரல், அதுவும் கடைசிவரை ஒரே தடிமன். முன்பக்கம் நன்றாகவே கனக்கிறது.

பிரச்சினை இரண்டு. ஒரு டார்கெட்டிலிருந்து அடுத்ததற்குத் திருப்பும்போது குறிபார்க்கும் கருவியின் புள்ளி அதைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வருகிறது. இன்னொன்று, சுட்டதும் புள்ளி மேலே போய், இறங்கும்போது கீழேயும் போய், அப்புறம்தான் நிற்கிறது. வேகமாக இரண்டு சுட்டால் இரண்டாவது சார்லியில் (நடுவுக்கு வெளியே, மதிப்பெண் குறைவு) விழுகிறது, சில நேரம் அதற்கும் வெளியே டெல்டாவில்.

எங்கள் குழுவில் ஒருவர் 8 அங்குல பேரல் வைத்திருக்கிறார். போட்டித் தளத்தில் வைக்கும் சுவர் ஓட்டைகளில் அவர் நுழைத்து எடுக்கும் வேகத்தைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. எஸ்பிஆருக்கு (குட்டை பேரல் ரைஃபிள்) இப்போது வரியும் இல்லையாமே. நானும் 8-க்கு மாறலாமா, 10.5 போதுமா, இல்லை 16-லேயே மெலிந்த பேரலா? 8 அங்குலத்தில் பவர் ஃபேக்டர் (போட்டியில் தோட்டாவுக்கு வேண்டிய குறைந்தபட்ச வலு) தேறுமா? கடையில் வாங்கும் 147 கிரெயின் (குண்டின் எடை) தோட்டாதான் சுடுகிறேன், ரீலோடு (நானே தோட்டா நிரப்புவது) செய்வதில்லை.

ஸ்டீல் மாமா:
மெலிந்த 16 போடுங்கள், வேலை முடிந்தது. நான் பெரும்பாலும் ஸ்டீல் சேலஞ்ச் ஆடுகிறவன். ஐந்து தகடு, துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்த நிலையிலிருந்து தொடக்கம், நடை கிடையாது. அங்கே முன்பக்க எடை குறைந்தால் நேரம் குறைவது கண்ணுக்கே தெரியும்.

பழைய பித்தளை:
பவர் ஃபேக்டர் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், அது கணக்கு. குண்டின் எடையை கிரெயினில் எடுத்து, வேகத்தை வினாடிக்கு எத்தனை அடி என்று எடுத்து, பெருக்கி 1000-ஆல் வகுக்க வேண்டும். பிசிசி பிரிவில் எல்லோருக்கும் மைனர் (குறைந்த வலுவுக்கான) மதிப்பெண்தான், தேவை 125. ஆக 147 கிரெயினுக்கு 851 அடி வேகம் போதும். 124 கிரெயின் என்றால் 1009 அடி, 115 என்றால் 1087.

கடைத் தோட்டா 147 பெரும்பாலும் 4 அங்குல கைத்துப்பாக்கியிலேயே 900-ஐத் தாண்டும். 8 அங்குலத்தில் கவலையே வேண்டாம்.

பலர் நினைப்பதுபோல 16 அங்குலம் வேகத்தை அள்ளிக் கொடுப்பதில்லை. 9 எம்எம்மில் வெடிமருந்து கொஞ்சம், சீக்கிரம் எரிந்துவிடும். 10, 12 அங்குலத்துக்குள் கிடைக்க வேண்டிய வேகத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும். அதற்கு மேல் சில தோட்டாக்களில் கொஞ்சம் கூடும், சிலவற்றில் அப்படியே நிற்கும். வேகமாக எரியும் மருந்தை அளவாகப் போட்ட மென்மையான ரீலோடு நீண்ட பேரலில் உராய்வால் வேகம் இழப்பதும் உண்டு. அதனால்தான் கைத்துப்பாக்கிக்கு 127 தேறும்படி செய்த தோட்டாவை, அளந்து பார்க்காமல் கார்பைனில் போட்டுப் பெரிய போட்டிக்குப் போகாதீர்கள். அங்கே உங்கள் துப்பாக்கியிலேயே சுட்டுத்தான் வேகம் அளப்பார்கள். 125-க்குக் கீழே வந்தால் அன்றைக்கு நீங்கள் சுடலாம், மதிப்பெண் கிடையாது.

காகித வேலை:
வரி பற்றிச் சொன்னீர்களே, அதில் ஒரு திருத்தம். 2026 ஜனவரி 1 முதல் 200 டாலர் வரி பூஜ்யமானது உண்மை. பதிவு போகவில்லை. தோளில் வைக்கும் ஸ்டாக்கும் 16 அங்குலத்துக்குக் குறைந்த பேரலும் சேர்ந்தால் அது 1934-ஆம் ஆண்டின் என்எஃப்ஏ என்ற மத்தியத் துப்பாக்கிச் சட்டத்துக்குள் வருகிறது. ஃபார்ம் 1 என்ற விண்ணப்பம், கைரேகை, புகைப்படம் எல்லாம் கொடுத்து, அனுமதி கைக்கு வந்த பிறகுதான் பேரலை மாட்ட வேண்டும். குட்டை பேரலை முன்பே வாங்கி வீட்டில் இந்த ஒரே ரைஃபிளோடு வைத்திருப்பதும் வம்புதான்.

அப்புறம், வேறு மாநிலத்துப் போட்டிக்குக் கொண்டுபோக 5320.20 படிவத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி மாதிரி இடங்களுக்கு அதைக் கொண்டுபோகும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். 16 அங்குலத்தில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

நடுவழி ஒன்று இருக்கிறது. உள்ளே 8, 9 அங்குலத்துக்குத்தான் உண்மையான பேரல். அதன் முனையில் லேசான நீட்டிப்பையோ நீளமான காம்பையோ (காம்பன்சேட்டர்: வாயுவைத் திருப்பிவிட்டு முனை எழும்புவதைக் குறைக்கும் துண்டு) ஊசியடித்து வெல்டு செய்து மொத்தம் 16 அங்குலத்துக்கு மேல் கொண்டுவருவார்கள். போல்ட்டை (பேரலின் பின்வாயை அடைக்கும் கட்டி) மூடி, முனை வழியாகக் கம்பியை விட்டு போல்ட் முகம் வரை அளப்பதுதான் சட்டப்படியான நீளம். நிரந்தரமாகப் பொருத்தியது அதில் சேரும். மரையில் திருகி மாட்டியது சேராது.

ஆல்ஃபா_ரெண்டு:
தம்பி, நீங்கள் கேட்ட இரண்டு பிரச்சினையும் ஒரே இடத்திலிருந்து வரவில்லை. பேரலை மாற்றினால் முதலாவது தீரும். இரண்டாவது அப்படியே இருக்கும், காசுதான் போயிருக்கும்.

புள்ளி டார்கெட்டைத் தாண்டிப் போவது முன்பக்க எடையால். மண்வெட்டியை இலைப் பக்கம் பிடிப்பதற்கும் கைப்பிடியின் நுனியில் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். எடை முனையில் இருந்தால் திருப்பவும் சிரமம், நிறுத்தவும் சிரமம். ஆனால் அது நீளத்தால் வருவதைவிட, நீளத்தின் கடைசி சில அங்குலங்களில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதால் வருகிறது. மெலிந்த 16 பல நேரம் தடித்த 10.5-ஐவிட வேகமாகத் திரும்பும். ஸ்டீல் மாமா சொன்னதில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: யுஎஸ்பிஎஸ்ஏவில் ஓடி வந்து நிற்கும்போது முன்பக்கம் ரொம்ப லேசாக இருந்தால் புள்ளி நடுங்கும். துப்பாக்கியை விரலில் நிறுத்தினால் மேகசின் குழிக்கு அருகில் சமநிலை வர வேண்டும். எனக்கு அது போதும்.

இரண்டாவது, புள்ளி மேலே போய்க் கீழேயும் இறங்குவது. இது புளோபேக்கின் பிறவிக் குணம். உங்கள் போல்ட்டில் பூட்டு எதுவும் கிடையாது. போல்ட்டும், அதன் பின்னால் குழாய்க்குள் இருக்கும் பஃபரும் சேர்ந்த எடைதான் கேஸை (தோட்டாவின் பித்தளைக் கூடு) பிடித்துவைக்கிறது. அந்தக் கனமான கட்டி பின்னால் போய் முட்டும்போது முனை எழும்புகிறது, திரும்பி வந்து மூடும்போது முனை கீழே குத்துகிறது. பேரல் 8 ஆனாலும் 16 ஆனாலும் அதே கட்டிதான் போய்வருகிறது.

பஃபரைக் கழற்றி எடை போட்டுப் பாருங்கள். 3 அவுன்ஸ் அளவில் இருந்தால் அது 5.56 எம்எம் ரைஃபிள் தோட்டாவுக்கான சாதாரண கார்பைன் பஃபர், 9 எம்எம்முக்குப் போதாது. போல்ட் பின்னால் எவ்வளவு தூரம் போகிறது என்றும் பாருங்கள். 9 எம்எம் போல்ட் குட்டை என்பதால் குழாயில் தேவைக்கு மேல் ஓடி வேகம் எடுத்து மோதும். போல்ட் கேட்ச் (போல்ட்டைப் பின்னால் பிடித்து நிறுத்தும் கொக்கி) உடைவதும் இதனால்தான். குழாயின் அடியில் ஸ்பேசர் போட்டால் ஓட்டம் குறையும். இங்கே பழைய ஆட்கள் கால் டாலர் காசுகளை அடுக்கிப் போடுவார்கள், அதுவும் வேலை செய்யும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: மென்மையாக இருக்கும் என்று மொத்த எடையைக் குறைக்காதீர்கள். அழுத்தம் இறங்குவதற்குள் கேஸ் வெளியே வந்தால் வெடித்து முகத்துக்குப் பக்கத்தில் சிதறும்.

காம்ப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். 16 அங்குலத்தின் முனைக்கு வரும்போது 9 எம்எம்மில் வாயு அழுத்தம் ஏறக்குறைய வடிந்துவிடும். அங்கே காம்ப் போட்டால் எடை கூடும், பலன் சொற்பம். 8 அங்குலத்தில் வாயு மிச்சம் இருக்கும், காம்ப் உண்மையாகவே வேலை செய்யும். சத்தமும் அதற்கேற்றபடி இருக்கும். கூரை போட்ட ஸ்டேஜில் பக்கத்தில் நிற்கும் ரேஞ்ச் ஆபீசரைக் கேட்டுப் பாருங்கள்.

ஆஸ்டின்வாசி:
மிக்க நன்றி அண்ணே. பஃபரைக் கழற்றிப் பார்த்தேன், 3 அவுன்ஸ்தான்! கோத்துக் கொடுத்த கடைக்காரர் 9 எம்எம்முக்கு இதுவே போதும் என்றார். ஸ்பேசரும் இல்லை. ஒரு சந்தேகம்: 8 அங்குலம் போட்டால் இடதுகையை எங்கே வைப்பது? இப்போது கையை நன்றாக நீட்டிப் பிடித்துப் பழக்கம்.

ஆல்ஃபா_ரெண்டு:
நல்ல கேள்வி. குட்டை பேரல் வாங்குகிறவர்கள் இதைத்தான் மறப்பார்கள். 8 அங்குல பேரல் என்றால் கைப்பிடிக் குழாயும் குட்டை. கை பின்னால் வரும், திருப்பும்போது பிடிமானம் குறையும். நீளமான குழாய் போட்டால் காம்பின் நெருப்பு குழாய்க்குள்ளேயே அடிக்கும், கைக்கு ஆகாது. காகித வேலை சொன்ன உள்ளே குட்டை, வெளியே 16 அமைப்பில் 13, 15 அங்குலக் குழாய் தாராளமாகப் போடலாம். ஆனால் உள்ளே இருப்பது காம்பாக இருக்கக் கூடாது, வெற்று நீட்டிப்பாக இருக்க வேண்டும். எடை பின்னால், கை முன்னால். போட்டிக்கு நான் அதைத்தான் சொல்வேன். சுவர் ஓட்டையில் 8 அங்குலக்காரருக்குச் சாதகம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஓட்டைக்குள் முனையை நுழைக்காமல் ஓர் அடி தள்ளி நின்று சுடப் பழகினால் அந்தச் சாதகத்தில் பாதி கரைந்துவிடும். பின்னோக்கி நகரும்போது துப்பாக்கி முனை தாண்டக் கூடாத 180 பாகைக் கோட்டையும் கவனியுங்கள், நீளமான துப்பாக்கி அங்கே சுலபமாகத் தாண்டும்.

ஸ்டீல் மாமா:
கிட்டத்து டார்கெட்டில் தலைக்குச் சுட்டால் கீழே விழுகிறது என்று அடுத்த வாரம் வந்து பேரலைக் குறை சொல்லாதீர்கள். ஏஆரில் புள்ளி பேரலுக்கு இரண்டரை அங்குலம் மேலே இருக்கிறது. ஐந்தாறு கெஜத்தில் அந்த அளவு மேலே பிடித்துத்தான் சுட வேண்டும், எந்த நீளமானாலும்.

ஆஸ்டின்வாசி:
கனமான பஃபரும் ஸ்பேசரும் மாட்டி, அதே தோட்டாவைச் சுட்டுப் பார்த்தேன். புள்ளி இன்னும் எழும்புகிறது, ஆனால் கீழே குத்துவது பெருமளவு போய்விட்டது. திருப்பும்போது தாண்டிப் போவது மட்டும் அப்படியே இருக்கிறது. எஸ்பிஆர் விண்ணப்பம் போடவில்லை. நீட்டிப்பு வெல்டு செய்த லேசான 16-க்குச் சொல்லியிருக்கிறேன்.

பழைய பித்தளை:
வந்ததும் முதல் வேலையாக வேகத்தை அளந்துவிடுங்கள். உள்ளே இப்போது பேரல் எட்டுத்தானே, பழைய 16-இல் வந்த எண் இதற்குச் செல்லாது.