மூன்றாவது முடிச்சை யார் படம் எடுப்பது?

(அண்ணன் கல்யாணத்தை ஒட்டி எங்கள் "கோவில்பட்டி வீடு" குழுவில் ஓடிய பேச்சு இது. கல்யாணப் படம் நான் எடுத்தது அதுதான் முதல் முறை. ஆட்களின் பெயர்களை எடுத்துவிட்டு என் போனில் இருக்கும் முறைப் பெயர்களை மட்டும் விட்டிருக்கிறேன். ஆச்சியிடம் போன் கிடையாது; அத்தை வழியாகத்தான் பேசுவார்.)

புதன்கிழமை

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். மண்டபச் சாவி சனி மதியம் கிடைக்கும். ஞாயிறு காலை 6 முதல் 7:30 முகூர்த்தம். வீடியோவுக்கு ஆள் பேசியாயிற்று. போட்டோவுக்குத்தான் இன்னும் முடிவாகவில்லை.

அண்ணன்: முடிவாகிவிட்டது அப்பா. பாப்பா எடுக்கிறாள்.

பெரியப்பா: எந்தப் பாப்பா?

அண்ணன்: நம் பாப்பாதான்.

அத்தை: அவள் பூவையும் பூனையையும்தானே எடுப்பாள்?

நான்: அத்தை, உங்கள் வீட்டுப் பால்காய்ச்சுக்கு நான் எடுத்ததைத்தான் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறீர்கள்.

அத்தை: பால் பொங்குவதற்கு அரை மணி நேரம் நின்றாய். இங்கே தாலி உனக்காக நிற்காது அம்மாடி.

சாத்தூர் மாமா: மருமகளே, கேமரா என்ன?

நான்: கேனன் 200டி மாமா. கூட வந்த 18-55 லென்ஸ் இருக்கிறது. அப்புறம் ஒரு 50 எம்எம்.

சாத்தூர் மாமா: கார்டு போட எத்தனை இடம்?

நான்: ஒன்றுதான்.

சாத்தூர் மாமா: அப்படியென்றால் 64 ஜிபி வாங்காதே. 32 ஜிபியில் இரண்டு வாங்கு. சனி இரவு ஒன்று, முகூர்த்தம் ஒன்று. ஒன்று செத்தாலும் பாதிக் கல்யாணமாவது மிஞ்சும்.

பெரியம்மா: நல்ல காரியம் பேசும்போது செத்தாலும் கித்தாலும் என்று எழுதாதீர்கள்.

சாத்தூர் மாமா: சரி அக்கா. பழுதானாலும்.

சாத்தூர் மாமா: என் பழைய ஃபிலிம் கேமரா யாஷிகாவில் ஒரு ரோலுக்கு 12 படம். பாதி ரோல் மிச்சம் இருந்தாலும் கழற்றி வைத்துவிட்டு, தாலிக்கு முன்னால் புது ரோல் மாட்டிவிடுவேன். கெட்டிமேளம் கொட்டும்போது ரோல் தீர்ந்தால் அந்த வீட்டுப் பக்கம் அப்புறம் தலைகாட்ட முடியாது. நீயும் பெண்ணை மேடைக்கு அழைத்து வருவதற்குள் கார்டையும் பேட்டரியையும் மாற்றிவிடு.

தம்பி: மாமா, இப்போதெல்லாம் ஒரு நொடிக்கு 5 படம் விழும். ரோல் கணக்கெல்லாம் வேண்டாம்.

சாத்தூர் மாமா: அதுதான் வினையே. விரலை எடுக்காமல் அழுத்துகிறவன் கண்ணால் பார்ப்பதை விட்டுவிடுவான். ஒன்று எடுத்தாலும் பார்த்து எடுக்க வேண்டும்.

வியாழக்கிழமை

நான்: மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். மேடைக்குப் பின்னால் முழுச் சுவருக்கு எல்இடி திரை. ஊதா, ரோஸ் விளக்குகள் வேறு. தம்பியை உட்காரவைத்து எடுத்தேன், முகம் பீட்ரூட் போல வருகிறது.

தம்பி: என் முகமே அப்படித்தான் என்று அத்தை எழுதப்போகிறார்.

அத்தை: நான் ஒன்றும் எழுதவில்லை.

நான்: படத்தில் கறுப்புக் கறுப்பாகப் பட்டை விழுகிறது. ஷட்டர் வேகம் ஒரு நொடியில் 500இல் ஒன்று வைத்திருந்தேன்.

சாத்தூர் மாமா: அங்கேதான் கோளாறு. நம் மின்சாரம் 50 சைக்கிள். மலிவான எல்இடி நொடிக்கு 100 தடவை மங்கி எரியும். நம் கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். 100இல் ஒன்று வை, பட்டை போய்விடும். திரை மட்டும் தன் போக்கில் துடிக்கும், அதைத் தாலி கட்டும் நேரத்துக்கு அணைக்கச் சொல்லு.

நான்: 100இல் வைத்தால் அட்சதை கோடு கோடாக விழுமே மாமா? ஒவ்வொரு அரிசியும் அந்தரத்தில் நிற்கிற மாதிரி எடுக்க ஆசை.

சாத்தூர் மாமா: கோடு விழட்டும். முகம் அசையாமல் இருந்தால் போதும். ஓமப் புகையில் ஃப்ளாஷை நேராக அடிக்காதே. புகைதான் வெளுப்பாக வரும், ஆள் வரமாட்டான். மேலே சாய்த்து அடி.

நான்: மேலே சிவப்புத் துணி கட்டுகிறார்களாம்.

சாத்தூர் மாமா: அதில் பட்டால் எல்லோருக்கும் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கும். ஃப்ளாஷை விட்டுவிடு. குறைந்த வெளிச்சத்திலும் படம் விழ, ஐஎஸ்ஓவை 1600, 3200 என்று ஏற்றிக்கொள். கொஞ்சம் புள்ளி தட்டினால் தட்டட்டும்.

அண்ணன்: மாமா கடையை மூடி எத்தனை வருடம் ஆயிற்று? இவ்வளவும் எப்படித் தெரியும்?

அத்தை: ராத்திரி பூராவும் யூடியூப்தான். தூங்குவது எங்கே.

நான்: மதுரையில் 24-70 லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

சாத்தூர் மாமா: புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு யாராவது மலையேறுவார்களா? கைப்பழக்கம் உள்ளதையே வைத்துக்கொள். 50ஐ முகத்துக்கு வை. குரூப்புக்கு 18-55. உன் கேமராவில் 50 என்பது 80 மாதிரி நெருக்கிக் காட்டும். பத்துப் பேரை அதில் அடக்கப் பின்னால் போனால் நாற்காலி வரிசைமேல் விழுவாய்.

வெள்ளிக்கிழமை

பெரியம்மா: குரூப் போட்டோ வரிசை எழுதியிருக்கிறேன். முதலில் பெண் வீட்டு மாமன்மார். பிறகு நம் மாமன்மார். ஆச்சியுடன் பேரன் பேத்திகள். இருக்கன்குடியார் குடும்பம். அப்பாவின் ஆபீஸ்காரர்கள். கீழவீட்டுக்காரர்கள். மேலவீட்டுக்காரர்கள். கீழவீடும் மேலவீடும் ஒரே படத்தில் நிற்கமாட்டார்கள், நடுவில் வேறு இரண்டு குடும்பத்தை விடு.

அண்ணன்: அம்மா, எனக்கு இயல்பாக இருக்கிற படங்கள்தான் வேண்டும். எல்லோரையும் சிலை மாதிரி நிறுத்துவது இந்தக் காலத்தில் எடுபடாது.

பெரியம்மா: நீ இயல்பாக இரு. அவர்கள் நிற்பார்கள்.

சாத்தூர் மாமா: மருமகனே, உன் ஆல்பத்தைப் பின்னாளில் புரட்டுகிறவர்கள் வெளிச்சம் அழகா என்று பார்ப்பதில்லை. இது யார், எந்த ஊரில் இருக்கிறார், இருக்கிறாரா என்றுதான் கேட்பார்கள். அக்கா எழுதின வரிசைதான் முதல் வேலை.

பெரியப்பா: வரிசையை நானே மைக்கில் வாசிக்கிறேன். ஆளைக் கூட்டி வருவதற்கு ஒருவன் வேண்டும்.

தம்பி: அது நான்தான் என்று தெரியும்.

பெரியப்பா: இன்னொன்று. கெட்டிமேளம் கொட்டும்போது யாரும் போனைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறக்கூடாது. போன கல்யாணத்தில் தாலிப் படத்தில் ஏழெட்டு முழங்கைதான் இருக்கிறது.

துபாய் சித்தப்பா: அண்ணே, எனக்கு வீடியோ கால் உண்டல்லவா? உங்களுக்கு 6:30 என்றால் இங்கே 5 மணி. அலாரம் வைத்திருக்கிறேன்.

பெரியப்பா: உனக்கு மட்டும் உண்டு. கீழே நின்று காட்டுவான்.

தம்பி: அதுவும் நான்.

அத்தை: ஆச்சி ஒன்று கேட்கச் சொன்னார்கள். மூன்றாவது முடிச்சு யார் போடுவது?

பெரியம்மா: நாத்தனார்தான் போடுவாள்.

அத்தை: இவனுக்குத்தான் கூடப் பிறந்த தங்கச்சி இல்லையே மதினி.

பெரியம்மா: சின்னவர் மகள் இருக்கிறாளே.

நான்: பெரியம்மா, அது நான்.

பெரியம்மா: ஆமாம். உன் புடவைகூட எடுத்தாயிற்று.

நான்: அப்படியானால் அந்த நேரத்தில் கேமராவை யார் பிடிப்பது?

அத்தை: என் மகள் முடிச்சைப் போடட்டுமே?

பெரியம்மா: நன்றாகக் கேட்டீர்கள். உங்கள் மகள் இவனுக்கு முறைப்பெண். முறைப்பெண் எப்படி நாத்தனார் முடிச்சுப் போடுவாள்? ஆச்சி காதில் விழுந்தால் அவ்வளவுதான்.

அத்தை: ஆச்சி காதில் விழுந்துவிட்டது. இங்கே சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

துபாய் சித்தப்பா: ஸ்டாண்ட் போட்டு ரிமோட்டில் எடுக்கலாமே.

நான்: மேடையில் அட்சதை போட ஓடி வருவார்கள் சித்தப்பா. முதலில் ஸ்டாண்ட் விழும், அப்புறம் நாம் விழுவோம்.

அண்ணன்: வீடியோவிலிருந்து ஒரு படத்தை நிறுத்தி எடுத்துக்கொள்வோம்.

நான்: வீடியோக்காரர் ஃபுல் எச்டியில்தான் எடுக்கிறார். அதில் ஒரு படம் 2 மெகாபிக்சல்தான் தேறும். என் கேமராவில் 24. ஆல்பத்தில் இரண்டு பக்கத்துக்கு விரித்தால் உங்கள் மூக்கு எங்கே, கன்னம் எங்கே என்று தேட வேண்டும்.

தம்பி: நான் எடுக்கவா?

நான்: நீ சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பாய்.

சாத்தூர் மாமா: நான் எடுக்கிறேன்.

அத்தை: கண்ணில் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

சாத்தூர் மாமா: அதனால்தான் இப்போது நன்றாகத் தெரிகிறது.

நான்: மாமா, நாளை சாயங்காலம் ஒரு மணி நேரம் என்னுடன் உட்காருங்கள். எல்லாம் நானே வைத்துத் தருகிறேன். நீங்கள் ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

சாத்தூர் மாமா: சரிங்க டீச்சர். ஐயரிடம் இன்றே ஒரு வார்த்தை சொல்லிவை. அவருக்குப் பக்கத்தில், பெண் முகம் தெரிகிற பக்கமாக உட்கார இடம் வேண்டும். மாப்பிள்ளை முதுகுப் பக்கம் நின்றால் சட்டைதான் கிடைக்கும். முடிச்சு தெரியாவிட்டாலும் முகம் தெரிய வேண்டும்.

அண்ணன்: தாலி கட்டினதும் செண்பகவல்லி அம்மன் கோயிலுக்குப் போவோமே, உள்ளே ஒன்றிரண்டு எடுக்கலாமா?

பெரியப்பா: 2022இல் ஐகோர்ட் சொன்னதிலிருந்து கோயிலுக்குள் செல்போனே கூடாது. கேமராவும் வேண்டாம். வெளியே கோபுரம் தெரிய எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன்: சாயங்காலம் கழுகுமலை?

நான்: 5 மணிக்கு மலைமேல் இருந்தால் வெயில் சாய்ந்து நன்றாக இருக்கும். அதற்குமேல் தாமதமானால் நான் பொறுப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை

பெரியம்மா (காலை 4:05): எல்லோரும் எழுந்தாயிற்றா?

தம்பி (4:40): அக்கா, சார்ஜரில் இருந்த பேட்டரியை எடுத்துவிட்டாயா?

நான் (4:41): எடுத்தாயிற்று. இரண்டும் முழுசாக இருக்கிறது.

துபாய் சித்தப்பா (6:38): என்னடா, ஒரு முதுகுதான் தெரிகிறது.

துபாய் சித்தப்பா (6:40): பச்சைச் சட்டை. யார் அது?

துபாய் சித்தப்பா (6:41): மேளச் சத்தம் கேட்கிறது. கட்டிவிட்டானா?

தம்பி (6:47): கட்டியாயிற்று சித்தப்பா. பச்சைச் சட்டை பெரியப்பா.

துபாய் சித்தப்பா (6:48): சட்டம் போட்டவரே அவர்தானே!

பெரியப்பா (11:20): உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன். அனைவரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

திங்கட்கிழமை

நான்: படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன், இன்னொரு டிஸ்கிலும் போட்டாயிற்று. கார்டை ஆல்பம் வரும்வரை அழிக்கமாட்டேன். மாமா, ஒரு விஷயம் கேட்கட்டுமா?

சாத்தூர் மாமா: கேள்.

நான்: மூன்றாவது முடிச்சுக்கு நீங்கள் எடுத்தது நூற்றுக்கு மேல் இருக்கிறது.

தம்பி: 😂😂 ஒன்று எடுத்தாலும் பார்த்து எடுக்க வேண்டும்!

நான்: முடிச்சுப் போட்டு, நான் எழுந்து, குங்குமம் வைத்து முடிந்த பிறகும் ஓடியிருக்கிறது. கடைசி வரிசை முழுக்க ஐயருடைய சொம்பு.

சாத்தூர் மாமா: டக் டக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. விரலை எடுக்க மனம் வரவில்லை மருமகளே. இந்தச் சுகம் அந்த யாஷிகாவில் ஏது. நெகட்டிவ் காசு கிடையாதல்லவா?

நான்: கிடையாது மாமா. நல்லவையாக மூன்று தேறியிருக்கிறது. மதினி குனிந்திருக்கிறாள், அண்ணன் கையை எடுக்கிறார், என் கை உள்ளே போகிறது. இதோ.

(படம்)

பெரியம்மா: அழகாக இருக்கிறது. ஆனால் பட்டுப் புடவைமேல் அது என்னடி கறுப்புப் பை?

நான்: லென்ஸ் பை. கழற்றி வைக்க நேரமில்லை.

பெரியம்மா: அதை அழிக்க முடியுமா?

அண்ணன்: வேண்டாம், இருக்கட்டும்.

பெரியம்மா: கீழவீட்டுக்காரர்கள் படம் எங்கே?

நான்: எடுத்தேன். மேலவீட்டுத் தாத்தா தானாகவே வந்து ஓரத்தில் நின்றுகொண்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பெரியம்மா: அதை யாருக்கும் அனுப்பாதே. முதலில் நான் பார்க்கிறேன்.

அத்தை: என் படம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

நான்: அத்தை, நான் மேடையில் இருந்தேன், நீங்கள் பந்தியில் இருந்தீர்கள். பாயசம் காலியாகிறது என்று நீங்கள் சமையல்காரரிடம் சண்டை போடுவது ஒன்று இருக்கிறது. வெளிச்சம் அருமையாக விழுந்திருக்கிறது. இந்தக் கல்யாணத்தில் எனக்கு மிகவும் பிடித்த படம் அதுதான்.

அத்தை: வாயைத் திறந்திருக்கிறேனா?

நான்: நன்றாகத் திறந்திருக்கிறீர்கள்.

அத்தை: குழுவில் போட்டால் உன்னைத் தொலைத்துவிடுவேன். எனக்கு மட்டும் அனுப்பு.

நான்: டாக்குமென்டாக அனுப்புகிறேன். சும்மா அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும்.

அத்தை: போன தடவை டாக்குமென்ட் திறக்கவே இல்லை. சும்மாவே அனுப்பு.

பெரியப்பா: பாப்பா, கல்யாணத்தை 90 நாளுக்குள் பதிய வேண்டும். இருவரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்று, முகம் நேராகத் தெரிகிற மாதிரி இருக்கிறதா?

நான்: தேடிப் பார்க்கிறேன் பெரியப்பா. இருவரும் கேமராவைப் பார்ப்பதுதான் குறைவு. இயல்பாக வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டாரே.

பெரியம்மா: சிலை மாதிரி நின்றிருக்கலாம்.

அண்ணன்: சரி, சரி. நாளை காலை வீட்டு வாசலில் நிற்கிறோம். கேமராவோடு வா.