சைக்கிள் சவாரியைப் பதிவு செய்ய எந்த ஆக்‌ஷன் கேமரா? பேட்டரியும் ஆட்டமும் படுத்துகின்றன

கோவை_மிதி:
வணக்கம். தினமும் அவிநாசி சாலை வழியாக அலுவலகத்துக்கு சைக்கிளில்தான் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரிப் பக்கம் ஏறுவதும் உண்டு. வருகிற சீசனில் ஒரு 200 கிலோமீட்டர் பிஆர்எம் (நேர வரம்புக்குள் முடிக்கவேண்டிய நெடுந்தூரச் சவாரி) ஓட்ட ஆசை.

நண்பரின் பழைய கேமராவை ஹேண்டில்பாரில் மாட்டிப் பார்த்தேன். பகலில் படம் ஜெல்லி மாதிரி நெளிகிறது. ஒரு மணி நேரத்தில் பேட்டரி காலி. பொழுது சாய்ந்தபின் என்னை உரசிக்கொண்டு போன பேருந்தின் நம்பர் பிளேட்டில் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. 30,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். கோப்ரோவா, டிஜேஐ ஆஸ்மோவா, இன்ஸ்டா360-ஆ?

சங்கிலிச்_சத்தம்:
ஆஸ்மோ ஆக்‌ஷன் 4. கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்.

பின்_சக்கரம்:
கண்ணைத் திறந்துகொண்டே வாங்கலாம், அவசரமில்லை. நீங்கள் சொன்ன மூன்று தொல்லையில் இரண்டு, எந்தக் கேமரா வாங்கினாலும் கூடவே வரும்.

நெளிவு ஏன் என்றால், சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. அதற்குள் ஹேண்டில்பார் அதிர்ந்தால் ஒவ்வொரு வரியும் வெவ்வேறு இடத்தில் விழும். ஸ்டெபிலைசேஷன் (ஆட்டம் குறைக்கும் வசதி) மொத்தப் படத்தின் ஆட்டத்தை நன்றாகச் சரிசெய்யும், வரிக்கு வரி விழுந்த கோணலை முழுதாக நிமிர்த்தாது. ஆகவே நீளக் கை வைத்த பிளாஸ்டிக் மவுண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, சைக்கிள் கம்ப்யூட்டருக்குக் கீழே கேமரா தொங்கும் அலுமினிய மவுண்ட் வாங்குங்கள். கேமராவைத் தலைகீழாக மாட்டினாலும் படம் தானாக நிமிர்ந்துகொள்ளும். நெஞ்சுப் பட்டை இன்னும் நல்லது, உடம்பே அதிர்வை வாங்கிக்கொள்ளும். என்ன, டிராப் ஹேண்டில்பாரில் குனிந்து ஓட்டினால் லென்ஸ் முன்சக்கரத்தைப் பார்க்கும். கோணத்தை நன்றாக மேலே தூக்கி வைக்கவேண்டும்.

பேட்டரிக்கு வருவோம். ஆக்‌ஷன் 4-க்கு 160 நிமிடம் என்று சொல்வார்கள். அது 1080பி என்ற குறைந்த தெளிவில், நொடிக்கு 24 ஃபிரேமில், திரையை அணைத்துவிட்டு எடுத்த கணக்கு. அதைவிடத் தெளிவான 4கே-யில் அதை எதிர்பார்க்காதீர்கள். பிஆர்எம் 200-க்கு நேர வரம்பு பதின்மூன்றரை மணி. நொடிக்கு 60 மெகாபிட் வேகத்தில் பதிவானால் மணிக்கு 27 ஜிபி. முழுதும் எடுத்தால் 365 ஜிபி ஆகும். அதை உட்கார்ந்து பார்க்கப்போவது யார்? ஏற்றத்திலும் இறக்கத்திலும் மட்டும் பொத்தானை அழுத்துங்கள், இரண்டு உபரி பேட்டரி போதும். மெமரி கார்டு வி30 என்று வேகக் குறி போட்டதாக இருக்கட்டும்.

கோவை_மிதி:
நன்றி அண்ணா. ஆனால் எனக்கு முக்கியம் அந்த நம்பர் பிளேட்தான். கொண்டை ஊசி வளைவுகளைப் படம் பிடிப்பது இரண்டாம்பட்சம்.

பின்_சக்கரம்:
அப்படியென்றால் இதை முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும், தம்பி! சாட்சிக்கு எடுக்கும் படம் வேறு, யூடியூபுக்கு எடுக்கும் படம் வேறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பேருந்து உங்களைவிட 30 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் கடக்கிறது. இருட்டில் ஆட்டோ ஷட்டர் (ஒரு ஃபிரேமுக்கு ஒளி விழும் நேரம்) 1/30 நொடி வரை இறங்கும். அந்த நேரத்தில் பேருந்து 28 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். எழுத்து எங்கே தெரியும்? பகலில் 1/1000 நொடி என்றால் நகர்வு 8 மில்லிமீட்டர்தான். பேருந்து பத்து மீட்டர் முன்னால் போனபின் இந்தத் தொல்லை குறையும். அப்புறம் எழுத்தை அழிப்பது உங்கள் ஹேண்டில்பார் அதிர்வுதான்.

இன்னொன்று, அகலக் கோணத்தில் அரை மீட்டர் பிளேட் பத்து மீட்டர் தூரத்தில் 4கே-யில் ஏறக்குறைய 90 பிக்சல்தான் வரும். டிஎன் 38 என்று தொடங்கி பத்து எழுத்து, இலக்கம். ஒன்றுக்கு 9 பிக்சல். 1080பி-யில் அதுவும் பாதி. 4கே உண்மையில் பயன்படும் இடம் இதுதான். கோணத்தைக் குறுகலான லீனியருக்கு மாற்றினால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும்.

சங்கிலிச்_சத்தம்:
அதற்குத்தான் நானும் ஆக்‌ஷன் 4 சொன்னேன். 1/1.3 இன்ச் சென்சார், இருட்டில் தாக்குப்பிடிக்கும். கோப்ரோ ஹீரோ 12-இல் ஜிபிஎஸ்ஸே கிடையாது, ஹீரோ 13-இல்தான் திரும்ப வந்தது. வேகத்தைப் படத்தில் காட்டவேண்டும் என்றால் பார்த்து வாங்குங்கள்.

கோவை_மிதி:
வேகம் எனக்கு வேண்டாம், அது கடிகாரத்திலேயே பதிவாகிறது. இரவுக்கு ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடவா?

பின்_சக்கரம்:
அணைத்தால் போதாது. மேனுவலில் ஷட்டரை 1/240-இல் நிறுத்துங்கள், ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) 3200 வரை ஏற்றுங்கள். படம் மணல் மணலாக இருக்கும், பார்க்க அழகாக இராது. போகட்டும். பிளேட்டின் பளபளப்பு உங்கள் விளக்கொளியில் வெள்ளையாக வெடிப்பதும் இதனால் குறையும். தினசரிப் பயணத்துக்கு லூப் ரெக்கார்டிங்கில் போட்டுவிடுங்கள், கார்டு நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதிக்கொள்ளும்.

மழைச்_சவாரி:
ஒன்று விட்டுவிட்டீர்கள். பவர் பேங்க் போட்டு ஓட்ட நினைத்தால் சார்ஜ் பக்கத்து மூடியைத் திறந்து வைக்கவேண்டும். திறந்தால் நீர் புகாத தன்மை போச்சு. மழைக்காலத்தில் உபரி பேட்டரியே மேல். மவுண்டின் பிளாஸ்டிக் கொக்கியை நம்பாமல் கேமராவை ஒரு நைலான் கயிற்றால் ஹேண்டில்பாரோடு கட்டிவிடுங்கள். கயிற்றின் நுனி சக்கரத்துக்கு எட்டாத அளவுக்கு நறுக்கிவிடுங்கள்.

கோவை_மிதி:
சரி, ஆக்‌ஷன் 4, அலுமினிய மவுண்ட், உபரி பேட்டரி இரண்டு. பட்ஜெட்டில் மிச்சம் இருந்தால் பின்பக்கம் ஒரு கேமரா மாட்டலாமா என்றும் யோசிக்கிறேன். இடிப்பவர்கள் பின்னாலிருந்துதானே வருகிறார்கள்?

சங்கிலிச்_சத்தம்:
முதலில் அந்தக் காசுக்கு ஒரு நல்ல பின்விளக்கு வாங்குங்கள்.